‘பத்தாவது படித்த நான் டாக்டர்களுக்கு என்ன சொல்ல?’

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. கணவருக்கு 44 வயது, நாட்டுப்படகில் பங்குக்குப் போகிறவர், சுகர் இருக்கிறது. போன ஐப்பசியில் வலையில் மீன் கழற்றும்போது கெளுத்தி முள் வலது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார். மறுநாள் ராத்திரி குளிரும் உளறலுமாகக் கிடந்தார், குடித்திருக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டோம். விடிந்து பார்த்தால் முழங்கை வரை வீக்கம். ராமநாதபுரம் போய், அங்கிருந்து மதுரை. ‘செப்சிஸ்’ என்றார்கள். 17 நாள் ஐ.சி.யூ., அதில் 9 நாள் வென்டிலேட்டர். விரலை எடுத்துவிட்டார்கள், ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். எட்டு மாதம் ஆகியும் பழைய ஆள் இல்லை. மறதி, ராத்திரி தூக்கம் இல்லை, கடலுக்கும் போகவில்லை. ஐ.சி.யூ.வில் கையைக் கட்டியிருந்ததை, இலங்கை நேவிக்காரன் பிடித்துப் போய்க் கட்டி வைத்தான் என்றே இன்னமும் சொல்கிறார். இப்போது ஒரு ஆராய்ச்சிக் குழுவினர் போன் செய்து, செப்சிஸ் பற்றி ஆய்வு தொடங்குகிறோம், குடும்பத்தின் சார்பில் பங்காளியாக வருகிறீர்களா என்று என்னைக் கேட்கிறார்கள். எங்களை வைத்து மருந்து சோதிப்பார்களா? பத்தாவது படித்த நான் டாக்டர்களுக்கு என்ன சொல்ல? அவர், ‘பட்டது போதும், வேண்டாம்’ என்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது மகளின் கணக்கு நோட்டில் தினமும் குறித்து வைத்திருந்தேன், அது எதற்காவது ஆகுமா? இன்னொன்று, அவர் தம்பி இன்றும் வெறுங்கையோடுதான் அதே வலையில் மீன் கழற்றுகிறார், பார்த்தாலே பதறுகிறது.

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். போனில் அவர்கள் கேட்டது அப்படியே நீங்கள் எழுதியதுதான் என்றால், உங்கள் மேலோ உங்கள் வீட்டுக்காரர் மேலோ எந்த மருந்தும் சோதிக்கப் போவதில்லை. ஆய்வுக்கு ஆளாவது வேறு, ஆய்வில் பங்காளியாவது வேறு. உங்கள் ஊரில் இதை விளக்குவது சுலபம். கூலிக்குப் படகு ஏறுகிறவன் சொன்ன இடத்தில் வலையைப் போடுவான், சொன்னபோது இழுப்பான். பங்குக்குப் போகிறவன் அப்படியில்லையே. இன்றைக்குக் காற்று எப்படி, எந்தப் பக்கம் போனால் பாடு கிடைக்கும், வலையை எப்போது தூக்கலாம் என்பதில் அவனுக்கும் ஒரு வாய் உண்டு. உங்களைக் கேட்பது அந்த வாயைத்தான். என்ன கேள்வியை ஆராய்வது, எதை அளப்பது, குடும்பத்தாரிடம் எப்போது எப்படி அனுமதி கேட்பது, முடிவை யாருக்குச் சொல்வது, இதிலெல்லாம் உங்கள் பேச்சும் இருக்க வேண்டும் என்பதுதான் பங்காளி என்பதன் பொருள்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவன், அதில் பாதிக் காலம் ஆராய்ச்சியும் செய்தவன். அதனால் டாக்டர்கள் பக்கத்துக் குறையையும் சேர்த்தே சொல்கிறேன். மற்ற நோய்களில் நோயாளியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன ஆச்சு என்று கேட்டுவிடலாம். செப்சிஸில் அது நடக்காது. கிருமி உள்ளே வந்ததும் அதை எதிர்க்க உடம்பு காட்டும் வேகம் நெறிகெட்டுப் போய்ச் சொந்த உறுப்புகளையே செயலிழக்க வைப்பதுதான் செப்சிஸ், 2016இல் உலக நிபுணர்கள் கூடி எழுதிய இலக்கணத்தின் சாரமும் அதுதான். அப்படிப் பழுதாகும் உறுப்புகளில் மூளையும் ஒன்று. நினைவு தவறுகிறது, அப்புறம் மயக்க மருந்து, அப்புறம் வென்டிலேட்டர். பிழைத்து எழுந்தவருக்கு அந்த நாட்கள் வெறும் ஓட்டை, அந்த ஓட்டையில் நேவிக்காரன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். இன்னொரு பகுதியினர் பிழைப்பதே இல்லை, அவர்களிடம் யார் போய்க் கேட்பது? ஆகவே இந்த நோயில் முழுக் கதையும் தெரிந்த சாட்சி, பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஒருவர்தான். எங்கள் கேஸ் ஷீட் நோயாளி வாசலுக்கு வந்த நிமிடத்தில் தொடங்கி டிஸ்சார்ஜ் கையெழுத்தோடு முடிந்துவிடும். முன்னாலும் பின்னாலும் நடந்தது உங்களிடம் இருக்கிறது.

உலக அளவில் இது சின்ன நோயும் இல்லை. 2017ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது ஒரு பெரிய மதிப்பீடு. அதாவது அந்த வருஷம் உலகத்தில் நடந்த ஐந்து சாவில் ஒன்று. அதிலும் பெரும்பகுதி நம்மைப் போன்ற நாடுகளில். அதே 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை செப்சிஸுக்கென்றே ஒரு தீர்மானம் போட்டது. இவ்வளவு இருந்தும் மண்டபத்தில் நாலு பேரை நிறுத்திச் செப்சிஸ் என்றால் என்ன என்று கேட்டால் முழிப்பார்கள், ‘ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது’ என்று சொன்னால்தான் புரியும். அந்தச் சொல்லை ஆய்வுத் தாளில் எழுதச் சொல்வதற்கே உங்களைப் போல ஒருவர் அங்கே வேண்டும்.

‘நான் என்ன சொல்ல’ என்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே சொல்லிவிட்டீர்கள். ‘குடித்திருக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டோம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நான் அங்கே நின்றுவிட்டேன். திடீர்க் குழப்பம், உளறல் என்பது செப்சிஸின் முக்கியமான அறிகுறி. பாட்டுப் போல எல்லா டாக்டருக்கும் மனப்பாடம். ஆனால் கடலுக்குப் போய்வந்த ஆம்பிளை ராத்திரியில் உளறினால் வீட்டில், தெருவில், ஏன், சில சமயம் ஆஸ்பத்திரி வாசலிலும்கூட, முதலில் என்ன நினைப்பார்கள் என்பது பாடப் புத்தகத்தில் இல்லை. ஒரு ராத்திரி முழுக்க அதில் போயிற்று. செப்சிஸில் ரத்த அழுத்தம் விழுந்த ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறவேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் அந்த ஒரு மணி நேரத்தை நிமிடக் கணக்கில் அளந்துகொண்டிருக்கிறோம், வெளியே ஒரு முழு ராத்திரி கணக்கில் வராமல் போகிறது. (இதை உங்கள் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் நானே அண்டை வீட்டுக்காரனாக இருந்திருந்தாலும் ‘படுத்துத் தூங்கட்டும்மா, காலையில் தெளிந்துவிடும்’ என்றுதான் சொல்லியிருப்பேன்.) குடிபோதை என்று தவறாக நினைக்கப்பட்டு எத்தனை பேர் தாமதமாக வருகிறார்கள், அதைத் தடுக்க ஊரில் யாரிடம் என்ன சொல்லிவைக்க வேண்டும் என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. பத்தாவது படித்த நீங்கள் கொடுத்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது என் சொந்த அவமானம். சில வருஷங்களுக்கு முன் ஐ.சி.யூ.விலிருந்து பிழைத்துப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு சின்ன ஆய்வு வைத்திருந்தோம். வெளிநாட்டில் தயாரித்த கேள்விப் பட்டியலைத் தமிழில் மாற்றி வைத்துக்கொண்டு நான் கேட்கிறேன்: ‘படி ஏற முடிகிறதா?’ தொண்டிப் பக்கத்து மீனவர், ‘ஏறலாம் சார்’ என்றார். நானும் ‘சிரமமில்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். ‘எங்க வீட்ல ஏது சார் படி? வல்லத்துல ஏற முடியுதான்னு கேளுங்க.’ இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, ஆடுகிற படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைத் தூக்கி உள்ளே போட வேண்டும். அந்த மனுஷனால் அது முடியவில்லை. நான்கு மாதமாக வீட்டில் இருந்தார். என் தாளிலோ அவர் நல்ல குணம்.

அதே ஆய்வில் இன்னொரு கூத்து. மறுபரிசோதனைக்குச் சனிக்கிழமை காலை வரச்சொல்லி அட்டை கொடுத்தோம், எங்களுக்கு வசதியான நாள் அது. ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறைவைத்துக் கடலுக்குப் போகும் என்று உங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. வராதவர்களைத் ‘தொடர்பில் இல்லை’ என்று எழுதினோம். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. வரமுடியாத அளவுக்கு உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று ஊகம் வேறு. பிறகுதான் தெரிந்தது, அவர்களில் சிலர் தேறிப்போய்க் கடலுக்குக் கிளம்பிவிட்டவர்கள். தேறியவர்கள் கழிந்து போய், தேறாதவர்கள் மட்டும் வந்து உட்கார்ந்தால் கணக்கு எங்கே உருப்படும்? கூட்டத்தில் ஒரே ஒரு மீனவப் பெண் இருந்திருந்தால் முதல் நாளே, ‘சார், சனிக்கிழமை வேண்டாம்’ என்று சொல்லி முடித்திருப்பார்.

செப்சிஸ் ஆய்வுகளில் வழக்கமாக ஒரு கணக்கு உண்டு, 28 நாள். புது மருந்து பெற்றவர்களில் 28ஆம் நாள் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள், பெறாதவர்களில் எத்தனை பேர் என்று பார்ப்பது. உயிர் முக்கியம்தான், அதில் வாதமில்லை. ஆனால் உங்கள் கணவர் அந்தக் கணக்கில் முழு வெற்றி. 17 நாளில் ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வந்துவிட்டார், 28ஆம் நாள் மூச்சு இருந்தது, முடிந்தது. அதற்குப் பிறகு வந்த எட்டு மாதத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மறதி, தூக்கமின்மை, கெட்ட கனவு, கைகால் சோர்வு, சிலருக்குக் கொத்துக்கொத்தாக முடி கொட்டுவது, மறுபடி மறுபடி வரும் தொற்று, எல்லாம் செப்சிஸுக்குப் பின் நிறையப் பேருக்கு வருகிறது, அதற்கு மருத்துவத்தில் பெயரும் இருக்கிறது. உங்களிடம் டிஸ்சார்ஜ் அன்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆகவே நீங்கள் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எத்தனை நாள் வரைக்கும் பார்ப்பீர்கள்?’ என்பதாக இருக்கட்டும். இரண்டாவது, ‘எதைப் பார்ப்பீர்கள்?’ ஆள்காட்டி விரல் போனவரால் கிழிந்த வலையைப் பொத்த முடிகிறதா, இருட்டில் திசை நினைவிருக்கிறதா, வைத்த நகை திரும்பியதா, பிள்ளையின் படிப்பு நின்றதா என்பதெல்லாம் அளக்கக் கூடியவைதான். அளக்க வேண்டும் என்று யாரும் கேட்காததால் அளப்பதில்லை.

நோயாளிகளும் குடும்பத்தாரும் இப்படி உள்ளே வந்து உட்காருவது நாங்களாகப் பெரிய மனசு பண்ணிக் கொடுத்த சலுகை என்று நினைக்காதீர்கள். 1983இல் அமெரிக்காவில் டென்வர் என்ற ஊரில் எய்ட்ஸ் நோயாளிகள் கூடி, எங்களைப் பற்றி முடிவெடுக்கும் எல்லா இடத்திலும் நாங்களும் இருப்போம் என்று அறிக்கை விட்டார்கள். இங்கிலாந்தில் 1996இலேயே அரசு இதற்கென்று ஓர் அமைப்பை வைத்தது. அங்கேயே 2004இல் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி என்று ஒன்று வந்தது. ஒரு நோயை எடுத்துக்கொண்டு நோயாளி, பார்த்துக்கொள்பவர், டாக்டர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இனி ஆராய வேண்டிய முதல் பத்துக் கேள்விகள் எவை என்று பேசி வரிசைப்படுத்துவார்கள். அந்த லிண்ட் யார் தெரியுமா? கப்பல் டாக்டர். 1747இல் பல்லீறில் ரத்தம் கசிந்து படுத்துவிட்ட பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்று கொடுத்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்கள்தான் எழுந்தார்கள் என்று காட்டியவர். கடலோடிகளிடமிருந்து தொடங்கிய சமாச்சாரம்தான் இது. அந்தப் பன்னிரண்டு பேரிடமும் சம்மதம் கேட்டாரா என்பது வேறு கதை.

சம்மதம் என்றதும் நினைவு வருகிறது. ஐ.சி.யூ. வராந்தாவில், ராத்திரி இரண்டு மணிக்கு, செருப்பைக் கூட எங்கே விட்டோம் என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கும் மனைவியிடம் பத்துப் பக்கத் தாளை நீட்டி, ‘ஆய்வில் சேர்க்கிறோம், கையெழுத்துப் போடுங்க’ என்றால் அவர் என்ன படிப்பார்? போடாவிட்டால் வைத்தியம் பார்க்க மாட்டார்களோ என்று பயந்து போடுவார். நானும் அப்படிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், சட்டப்படி சரியாகத்தான் வாங்கினேன். மறுத்தாலும் வைத்தியம் குறையாது என்று தாளில் எழுதியிருக்கும். நோயாளிக்கு நினைவில்லாதபோது உறவினர் கையெழுத்துப் போட்டால், நினைவு திரும்பியதும் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி கூட நிற்க வேண்டும். விதி எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் எந்த வார்த்தை காதில் ஏறும், யார் சொன்னால் ஏறும், எத்தனை வரியில் சொன்னால் ஏறும் என்று அங்கே நின்ற உங்களுக்குத்தான் தெரியும். அந்தத் தாளை எழுதும் நாளில் நீங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இது ஒன்றே போதும்.

இப்போது எச்சரிக்கை. பங்காளி என்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் பங்கு கொடுப்பதில்லை. ஆய்வுத் திட்டம் எழுதி, பணமும் வாங்கி, எல்லாம் முடிந்த பிறகு ஒரு போட்டோவுக்கும், ‘குடும்பத்தாரையும் கலந்துகொண்டோம்’ என்ற ஒரு வரிக்கும் ஆள் தேடுவது உண்டு. மேடையில் ஏற்றி, பட்ட கஷ்டத்தைச் சொல்லுங்கள் என்று அழவைத்து, சால்வை போர்த்தி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. அதனால் திரும்பப் போன் வரும்போது நேராகவே கேளுங்கள்: திட்டம் எழுதியாகிவிட்டதா, நான் சொல்லி இனி எதையாவது மாற்ற முடியுமா? முடியாது என்றால், ‘அப்புறம் நான் எதற்கு?’ என்று கேட்கலாம், தப்பே இல்லை. எந்த நிறுவனம் நடத்துகிறது, பணம் எங்கிருந்து, ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கியாயிற்றா என்றும் கேளுங்கள். மருந்துச் சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்தியப் பதிவேட்டில் எண் இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம், உங்கள் மகள் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவாள். அந்த நெறிமுறைக் குழுவிலேயே மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே படிக்காத ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று யாராவது முகம் சுளித்தால் அதைச் சொல்லுங்கள்.

காசு பற்றி நீங்கள் கேட்கவில்லை, கூச்சமாக இருந்திருக்கும். நான் சொல்கிறேன், கேளுங்கள். பஸ் சார்ஜ், சாப்பாடு, அன்றைக்குப் போகும் கூலி, மூன்றும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லோரும் சம்பளத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். வெளிநாடுகளில் இதற்கு மணிக்கு இவ்வளவு என்று பட்டியலே உண்டு. அதோடு, தனியாகப் போகாதீர்கள். பத்து டாக்டர்கள் நடுவில் ஒரே ஒரு குடும்பத்தாரை உட்காரவைத்தால் வாய் வராது, எனக்கே வராது. இன்னொரு குடும்பத்திலிருந்தும் ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், முடிந்தால் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களில் ஒருவரை. விரலில் துணிச் சுற்றிக்கொண்டு பாறையில் கை விட்டுக் கிழித்துக்கொள்கிறவர்கள் அவர்கள், அவர்கள் காயத்தை யாரும் எழுதிவைப்பதில்லை.

உங்கள் கணவர் வேண்டாம் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நோய் அவருடையது. அவருடைய ரிப்போர்ட், போட்டோ, பெயர், இவற்றைக் கொடுக்கவோ மறுக்கவோ உரிமை அவருக்குத்தான். ஆனால் வராந்தாவில் நின்ற 17 நாள் உங்களுடையது, அதைப் பேச அவருடைய அனுமதி தேவையில்லை. இருந்தாலும் ஒளித்துச் செய்யாதீர்கள், எதைச் சொல்வேன் எதைச் சொல்ல மாட்டேன் என்று அவரோடு பேசிக்கொண்டே போங்கள். பேசப் பேசப் பழசு கிளறி உங்களுக்கே தூக்கம் கெட்டால் பாதியில் நிறுத்திவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேவிக்காரன் விஷயம். ஐ.சி.யூ.வில் இருப்பவர்களுக்கு வரும் மனக்குழப்பம் அது, அங்கே கண்ட பொய்க்காட்சி நிஜ நினைவைவிடத் துலக்கமாகப் பதிந்துவிடும். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கையைக் கட்டுவது உண்டு, ராமேஸ்வரக் கரையில் பிறந்தவருக்குக் கட்டிய கை என்றால் வேறென்ன தோன்றும்? பைத்தியம் இல்லை, பயப்படாதீர்கள். எட்டு மாதமாகத் தூங்கவில்லை என்றால் மனநல மருத்துவரை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. இங்கேதான் உங்கள் கணக்கு நோட்டு வருகிறது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொடங்கிய பழக்கம் ஒன்று உண்டு: நோயாளி நினைவில்லாமல் கிடக்கும்போது நர்ஸும் குடும்பத்தாரும் தினமும் ஒரு நோட்டில் எழுதிவைப்பார்கள், இன்றைக்கு யார் வந்தார்கள், என்ன நடந்தது, கையை ஏன் கட்டினோம் என்று. தேறிய பிறகு அவர் படித்து அந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்துக்கொள்வார். யாரும் சொல்லித்தராமல் நீங்களே எழுதிவிட்டீர்கள். அவராகக் கேட்கும் நாளில் படித்துக் காட்டுங்கள், வற்புறுத்த வேண்டாம். ஆய்வுக் குழு கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள், அதுவும் அவர் சரி என்ற பிறகு. நோட்டைக் கையைவிட்டு விடாதீர்கள்.

தம்பிக்கு: தடித்த ரப்பர் கையுறை. ‘பிடி வராது’ என்பார், இடது கைக்காவது போடச் சொல்லுங்கள். முள் ஏறிவிட்டால் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, பொறுக்கும் சூட்டில், அதாவது 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்கலாம். கெளுத்தி, திருக்கை முள்ளின் விஷம் சூட்டில் முறியும், வலி இறங்கும். சுகர்காரருக்குச் சூடு சரியாகத் தெரியாது, வேறொருவர் கை விட்டுப் பார்க்கட்டும். ஆனால் வெந்நீர் கிருமியைக் கொல்லாது, இதை மறக்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் விப்ரியோ என்று ஒரு வகைக் கிருமி உண்டு, சுகர் உள்ளவர், குடியால் ஈரல் கெட்டவர் உடம்பில் ஏறினால் ஒன்றிரண்டு நாளில் ஆளை வீழ்த்திவிடும். முள் குத்திய அன்றோ மறுநாளோ வீக்கம் ஏறினாலும், காயத்துக்குப் பொருந்தாத வலி இருந்தாலும், கொப்புளம் கறுத்தாலும், மூச்சு வாங்கினாலும், சிறுநீர் குறைந்தாலும், பேச்சு குழறினாலும் மெடிக்கலில் நிற்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில், ‘கடலில் மீன் முள் குத்தியது, சுகர் இருக்கிறது, குடிக்கவில்லை’ என்ற மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். குடித்திருந்தால் அதையும் சொல்லிவிட்டு, ‘இது குடியில் வரும் உளறல் இல்லை, எனக்குத் தெரியும்’ என்றும் சொல்லுங்கள்.